மதர்போர்டுக்கு மூன்று கொட்டேஷன்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் மதர்போர்டையும் பிராசஸரையும் மாற்றுவது தேவையா, தண்டமா என்று என் கணவர் ஐந்து வாரம் ஆராய்ந்தார். கடைக்காரர்களைக் கேட்டார். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த மகனைக் கேட்டார். ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரரைக் கூடக் கேட்டார். அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் தினமும் ஐந்தாறு மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னை மட்டும் கேட்கவில்லை. இது நடந்தது இரண்டாயிரத்து ஐந்து வாக்கில். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கம்ப்யூட்டர் வாங்கியது மகன் ஒன்பதாவது படிக்கும்போது. ஹாலில் வைத்தால் படிப்பு கெடும் என்று சின்ன அறையில் வைத்தோம். தூசி படியாமலிருக்க நான்தான் அதற்குத் துணியில் உறை தைத்துப் போட்டேன். அவன் கல்லூரிக்குப் போன பிறகு உறைக்குள்ளேயே சில மாதம் கிடந்தது. நான் பாளையங்கோட்டையில் தமிழ் பி.ஏ. படித்தவள். புனேயில், கட்கியில் வந்து குடியேறிய இருபது வருஷத்தில் அந்தப் பட்டத்தை வைத்து ஒரு ரேஷன் கார்டு வாங்கக்கூட முடிந்ததில்லை. ஒருநாள் பேப்பரில் இரண்டு வரி விளம்பரம் பார்த்தேன். விமான் நகரில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்துக்குத் தமிழ் தெரிந்தவர்கள் தேவை, வீட்டிலிருந்தே செய்யலாம் என்றிருந்தது. இரண்டு பஸ் மாறிப் போய்ப் பரீட்சை எழுதினேன். தேர்வானேன். உறையைக் கழற்றித் துவைத்து மடித்து அலமாரியில் வைத்தேன், மறுபடி எடுத்துப் போடவில்லை.

வாஷிங் மெஷின் கையேடு, மிக்ஸி கையேடு, குழந்தைகளுக்கான கணக்கு விளையாட்டு என்று இரண்டு வருஷம் வேலை வந்துகொண்டே இருந்தது. மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரம் வரை எழுந்திருக்க மாட்டேன். தமிழில் நான் போட்ட சொல் ஏதோ ஓர் ஊரில் யாரோ ஒருத்தியின் சமையலறையில் ஒட்டியிருக்கும் என்று நினைக்கையில் சந்தோஷமாக இருக்கும். வீட்டில் அதற்குப் பெயர் 'டைப் அடிக்கிறது'. வருகிறவர்களிடம் கணவர் அப்படித்தான் சொல்வார். "பையனோட கம்ப்யூட்டர் சும்மாதான கிடக்கு, அதுல ஏதோ டைப் அடிச்சுக்கிட்டிருக்கா." வந்தவர்களும் நல்லது, பொழுது போகும் என்பார்கள். நான் காப்பி கொண்டுவந்து வைப்பேன்.

அந்த ஆகஸ்டில் நிறுவனத்திலிருந்து கூப்பிட்டார்கள். அக்டோபர் முதல் எல்லா வேலையும் பழைய எழுத்துருவில் இல்லாமல் யூனிகோடில்தான், அதுவும் அவர்கள் தரும் ஒரு புது மென்பொருளில்தான் செய்ய வேண்டும். முதல் வேலை, ஒரு செல்போனின் முழு மெனுவும் தமிழில். அதைச் செய்துமுடிக்கிறவர்கள் நிரந்தரப் பட்டியலில் இருப்பார்கள், மற்றவர்களுக்கு இனி வேலை வராது. ஒருங்கிணைப்பாளராக இருந்த பெண் இதைப் பக்குவமாகத்தான் சொன்னாள். ஆனால் சொன்னதன் பொருள் ஒன்றுதான்.

புது மென்பொருளின் சிடியை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டேன். எங்கள் கம்ப்யூட்டரில் பழைய விண்டோஸ். தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. புது விண்டோஸ் போட்டால் தாங்குமா என்று பார்க்கக் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். மெமரி செருகும் இடம் இரண்டுதான், இரண்டும் நிரம்பியிருந்தன. போர்டின் மேல் அச்சடித்திருந்த எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொண்டு புத்வார் பேட்டில் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் சந்துக்குப் போனேன். கடைக்காரர் எண்ணைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார். இந்தப் போர்டு இதற்கு மேல் மெமரி ஏற்காது, போர்டு மாற்றினால் பழைய பிராசஸர் அதில் உட்காராது, ஆகவே போர்டு, பிராசஸர், மெமரி மூன்றையும் ஜோடி பார்த்துச் சேர்த்தே மாற்ற வேண்டும் என்றார். மானிட்டர், கீபோர்டு, கேபினெட், ஹார்டு டிஸ்க் எல்லாம் பழையதே போதும். பவர் சப்ளையும் தாங்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். முழுசாகப் புதுக் கம்ப்யூட்டர் வாங்குகிற விலையில் பாதிகூட ஆகாது.

எனக்குக் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. செல்போன் வேலை ஒன்றே இதை ஈடுகட்டிவிடும், அதற்கப்புறம் வருவதெல்லாம் லாபம். மாற்றலாம் என்று கடை வாசலிலேயே தீர்மானித்தேன். விலையை எழுதித் தரச் சொன்னேன். எழுதிக்கொண்டே அவர், "சர் கோ பேஜ் தீஜியே மேடம், உன்கோ சம்ஜா தூங்கா" என்றார். சாரை அனுப்ப வேண்டுமாம், அவருக்குப் புரிய வைப்பாராம். அரை மணி நேரமாக அவர் என்னிடம் பேசிக்கொண்டிருந்தது எனக்குப் புரியவில்லை என்று எதை வைத்து முடிவு செய்தார் என்று தெரியவில்லை. வாங்க வந்திருப்பவள் நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான்.

கணவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கொள்முதல் பிரிவில் இருந்தார். நாணயமான மனிதர். புது வருஷத்துக்குச் சப்ளையர் கொடுக்கும் டைரியைக்கூட வாங்க மாட்டார். முப்பது வருஷம் அரசாங்கத்துக்குச் சாமான் வாங்கி வாங்கி, வீட்டுக்கு வாங்குவதற்கும் அதே வழிதான் என்று ஆகிவிட்டிருந்தது. பிரஷர் குக்கர் வாங்கியபோதும் மூன்று கடையில் விலை எழுதி வாங்கி, கோடு போட்டு அட்டவணை தயாரித்துத்தான் வாங்கினோம். குக்கருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

"நீ எதுக்குக் கடை கடையா அலையுத? வாங்குததுக்குன்னு ஒரு முறை இருக்குல்லா" என்றார், நான் கொண்டுவந்த தாளைப் பார்த்ததும். "இது ஒரு கடைதான். மூணு கொட்டேஷன் வேணும். நான் பாத்துக்கிடுதேன்."

"அக்டோபர் ஒண்ணாந் தேதிக்குள்ள வேணும்ங்க. மூணையும் ஒரே கடையில ஜோடி பாத்து வாங்கணும்னு சொல்லியிருக்காங்க."

"ஒரே கடையில வாங்கச் சொல்லி கடைக்காரன்தான சொன்னான்? சொல்லத்தான் செய்வான். அவன் சரக்கு விக்கணும்லா."

அவருடைய உலகத்தில் கடைக்காரன் சொல்வதெல்லாம் சந்தேகத்துக்குரியது, கடைக்காரனிடம் கேட்டு வந்து நான் சொல்வதும் சந்தேகத்துக்குரியது.

இரண்டாவது கொட்டேஷன் வர ஒரு வாரம் ஆனது. அதற்குள் கணபதி உற்சவம் வந்துவிட்டது. கடைச் சந்துப் பக்கமெல்லாம் பந்தலும் கூட்டமுமாக வண்டி நுழைய முடியாது. பிள்ளையாரைக் கரைக்கும் விசர்ஜனம் முடியட்டும் என்றார். பத்து நாளும் ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு நடுவில் நான் பழைய மெஷினில் ஒரு பம்ப்செட் கையேட்டை முடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தைச் சேமிக்கச் சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பால் காய்ச்சிவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் எடுக்கும். அதைப் பார்த்தும் அவருக்கு அவசரம் வரவில்லை.

மூன்றாவது கொட்டேஷனும் வந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபுல்ஸ்கேப் தாளில் ஸ்கேல் வைத்து அட்டவணை போட்டார். மேலே பொருளின் பெயர். அடுத்த வரியில் 'தேவைக்கான காரணம்'. அதற்கு நேரே 'தற்போதைய வேகம் போதாமை' என்று எழுதியிருந்தார். அதற்கும் கீழே 'உபயோகிப்பவர்'. அதற்கு நேரே 'மகன்' என்று எழுதியிருந்தார்.

நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். மகன் வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறான். வந்தால் அதில் கார் ஓட்டுகிற விளையாட்டு விளையாடுவான். நான் தினமும் அதில் வேலை செய்கிறேன், வேலைக்குச் செக் வருகிறது, அந்தச் செக்கை அவரேதான் பேங்கில் போட்டுவிட்டு வருகிறார்.

"உபயோகிக்கது நான்லா?" என்றேன்.

"அவனுக்குத்தான வாங்கினது. எழுத்துல அப்படித்தான் வரும். இதுல என்ன இருக்கு" என்றார். உண்மையாகவே அவருக்கு அதில் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. சண்டைக்காகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது.

அடுத்து 'தொழில்நுட்பக் கருத்து' என்று ஒரு வரி பாக்கியிருந்தது. அதற்காக மகனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார். பையன் பிறந்து வளர்ந்ததெல்லாம் புனே. அவன் தமிழில் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான், அம்மா எழுதுவது ஒரு பக்கம்கூட வாசித்தது கிடையாது. அவன் கருத்துச் சொன்னான்.

"அம்மா டைப்பிங்தானே பண்றாங்க டாடி. டைப்பிங்குக்கு இதுவே ஜாஸ்தி. போர்டு பிராசஸர் எல்லாம் மாத்தறது பேக்கார் கர்ச்சா, வீண் செலவு. நான் லேப்டாப் வாங்கினதும் பாத்துக்கலாம்."

"ஏல, தமிழ் எழுத்தே அதுல தெரியலைங்கேன்" என்று நான் குறுக்கே சொன்னேன்.

"ஃபான்ட் ப்ராப்ளமா இருக்கும்மா. டென்ஷன் ஆகாதே."

போனை வைத்த பிறகு அவர் அந்த வரியில் 'அவசியமில்லை, எனினும் பரிசீலிக்கலாம்' என்று எழுதினார்; ஆபீஸ் பாஷையில் அதற்கு வாங்கலாம் என்று பொருள். எனக்காக இறங்கி வந்திருக்கிறார் என்று முகத்தில் ஒரு பெருமை வேறு. எனக்கு வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டுக் காய் நறுக்கப் போனேன். கடைசியில் வாங்குவதாக முடிவானதே, அதற்கு மேல் பேசிக் கெடுப்பானேன் என்று இருந்தேன். அப்படி இருந்ததுதான் தப்பு.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை அவரே போய் வாங்கி வந்தார். மூன்று பை, மூன்று கடையின் பெயர் போட்டது. அவர் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. மொத்த விலையைப் பார்க்க மாட்டார்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு சாமானுக்கும் யார் ஆகக் குறைவாகச் சொல்லியிருக்கிறாரோ அவரிடம் அந்தச் சாமானை மட்டும் வாங்குவார்கள். மேஜை ஒருவரிடம், நாற்காலி ஒருவரிடம், மின்விசிறி இன்னொருவரிடம். அந்த முறையில் இவர் போர்டை முதல் கடையிலும் பிராசஸரை இரண்டாவது கடையிலும் மெமரியை மூன்றாவது கடையிலும் வாங்கியிருந்தார். மூன்று கடைத் தாளிலும் பிராசஸருக்கு ஒரே பெயர், ஒரே வேகம். ஒன்றேதான் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்துப் பெட்டிகளின் சீலைக் கிழித்தார். போர்டின் நடுவில் பிராசஸர் உட்கார வேண்டிய இடத்தில் பொடிப் பொடித் துளைகள், நானூறுக்கு மேல் இருக்கும். ஊசிகள் இறங்குவதற்கான துளைகள். பிராசஸரைத் திருப்பிப் பார்த்தேன். ஓர் ஊசிகூட இல்லை. அடிப்பக்கம் முழுக்கத் தட்டையாகத் தங்க நிறப் புள்ளிகள். அதே பெயரில் புது மாதிரி வந்திருக்கிறது, அதற்கு வேறு போர்டு. அவர் அதை இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்தார். கொஞ்சம் அழுத்தவும் பார்த்தார். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

"ஜோடி பாத்து வாங்கணும்னு நான் சொன்னேன்லா" என்றேன். குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. கத்த வேண்டிய நேரத்தில் எனக்கு எப்போதும் குரல் இறங்கிவிடும்.

"மூணு பேருமே ஒரே பேருதான எழுதிக் கொடுத்திருக்கான். இது அவனுக தப்பு."

அன்று மாலையே திரும்பிப் போனார். சீல் உடைத்ததைத் திரும்ப எடுக்க முடியாது, வேண்டுமானால் ஊசி வைத்த பழைய மாதிரிக்கு மாற்றித் தருகிறேன், கொஞ்சம் மேல் பணம் ஆகும் என்று இரண்டாவது கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நியாயமான பேச்சு. இவர் அவரோடு சண்டை போட்டு, இனி உன் கடை வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்து நின்றார். ஒருமுறை ஒத்துக்கொண்ட விலைக்கு மேல் கொடுப்பது முறையில்லையாம். எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டுப் புதிதாகக் கொட்டேஷன் கூப்பிட வேண்டுமாம்.

"எனக்கு இன்னும் ஒரு வாரம்தாங்க இருக்கு. பில்லைக் கொடுங்க, நான் போய் மாத்திட்டு வாரேன்."

"பில்லெல்லாம் ஃபைல்ல வச்சிருக்கேன். ஆபீஸ்ல ஆடிட்ல ஒருத்தர் இருக்காரு, அவர்ட்ட காட்டி என்ன செய்யலாம்னு கேக்கணும். நீ இதுல தலையிடாத."

திங்கட்கிழமை காலை ஃபைல் அவரோடு ஆபீஸுக்குப் போய்விட்டது. மேஜையில் ஒரு போர்டும், அதற்குப் பொருந்தாத ஒரு பிராசஸரும் கிடந்தன. இரண்டும் நல்ல சாமான். அவற்றைப் பார்த்துக்கொண்டு அன்றைக்கு நான் அழுதேன். வருத்தத்தில் இல்லை, ஆத்திரத்தில். என் வேலை கைவிட்டுப் போகப் போகிறது, அது வேலை என்றே இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. போனால் பொழுதுபோக்கு ஒன்று போனதாக நினைத்துக்கொள்வார்கள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு விமான் நகருக்குப் போன் போட்டேன். மெஷின் தயாராகவில்லை, என்னால் முடியாது என்று சொல்லத்தான் எடுத்தேன். ஒருங்கிணைப்பாளர் பெண் முழுதும் கேட்கவே இல்லை. "தோ ஆப் யஹா ஆ ஜாயியே மேம், ஏக் சீட் காலி ஹை" என்றாள். இங்கே வந்து உட்கார்ந்து செய்யுங்கள், ஓர் இடம் காலியாக இருக்கிறது. ஐந்து வாரம் இழுபட்ட விஷயம் ஒரு வாக்கியத்தில் முடிந்தது.

காலையில் சமையலை முடித்துக் கட்கியில் ஒரு பஸ், எரவடாவில் இறங்கி இன்னொரு பஸ். மழை விட்டும் விடாமலும் இருந்தது, முட்டிவரை சேறு. ஆனால் அந்த மெஷினில் தமிழ் எழுத்துகள் பளிச்சென்று நின்றன. செல்போன் மெனு எளிதில்லை. ஒவ்வொரு மெனு வரியும் பன்னிரண்டு எழுத்துக்கான இடத்துக்குள் அடங்க வேண்டும், தமிழோ நீண்டுகொண்டே போகும். 'தவறிய அழைப்புகள்' என்று போட்டால் திரைக்கு வெளியே போய்விடும். வெட்டி, சுருக்கி, வேறு சொல் தேடி, பன்னிரண்டு நாளில் மொத்தத்தையும் முடித்தேன். பக்கத்து இருக்கைகளில் தெலுங்குக்கும் குஜராத்திக்கும் இருந்தவர்கள் என்னிடம் வந்து நீங்கள் இதற்கு எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். கேட்டார்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

வேலை முடிந்ததும் வீட்டில் சொன்னேன். அவர் பேப்பரை மடித்துவிட்டுச் சிரித்தார்.

"வேலை முடிஞ்சிட்டுல்லா? அப்பம் போர்டு மாத்தாமலே முடிஞ்சிருக்கு. மாத்தணும்னு அவசியமே இல்லன்னு இப்பமாவது ஒத்துக்கிடுதியா?"

பன்னிரண்டு நாள் நான் தினமும் நான்கு பஸ் ஏறி இறங்கியது அவர் கணக்கில் எந்த வரியிலும் வரவில்லை. சேறு படிந்த செருப்பைக் கழுவி வைக்கப் போனேன்.

தீபாவளிக்கு மகன் வருவதாகப் போன் வந்தது. புதிதாக ஒரு கேம் கொண்டுவருகிறேன், நம் மெஷினில் ஓடாது என்று சொன்னான் போலிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மத்தியானம் திரும்பியபோது கையில் ஊசி வைத்த பிராசஸர் இருந்தது. மிதிக்க மாட்டேன் என்ற அதே வாசலை மிதித்து, கேட்ட மேல் பணத்தைக் கொடுத்து, மாற்றி வாங்கி வந்திருந்தார். கொட்டேஷன் இல்லை, அட்டவணை இல்லை, ஆடிட்காரரும் இல்லை. சாயந்திரத்துக்குள் தெருமுனை மெக்கானிக்கைக் கூட்டிவந்து மாட்டியும் ஆகிவிட்டது.

"என்ன வேகம் பாரு. பிள்ளை வந்தா சந்தோசப்படுவான்" என்றார். "நீயும் பகல்ல டைப் அடிச்சுக்கிடலாம். இனி பஸ்ஸெல்லாம் எதுக்கு?"

நான் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. விமான் நகரில் தமிழுக்கு ஒரு நிரந்தர ஆள் வேண்டும், வருகிறீர்களா என்று வெள்ளிக்கிழமை நான் செக் வாங்கப் போனபோது கேட்டிருந்தார்கள். மாதச் சம்பளம், காலை ஒன்பதரைக்கு அங்கே இருக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூட நான் சொல்லவில்லை. அங்கேயே சரி என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். இரண்டு நாளாக எப்படிச் சொல்வது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒத்திகை பார்த்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை, விஷயத்தை மட்டும் சொன்னேன். நாளையிலிருந்து வேலைக்குப் போகிறேன், எட்டேகால் பஸ்.

அவர் கம்ப்யூட்டரை விட்டு என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. நிஜமாகவே விளங்காத முகம்.

"என்ட்ட ஒரு வார்த்தை கேக்காமலா சரின்னுட்ட?"

"ஆமா" என்றேன்.

அதற்கு மேல் சொல்ல ஐந்து வாரத்துக்கான பேச்சு என்னிடம் இருந்தது. மறுநாளைக்குப் புடவையை இஸ்திரி போட வேண்டியிருந்தது, உள்ளே போய்விட்டேன்.